பொங்கியண்ணன் வண்டிக்கு முறுக்கேற்றிய கதை

சொந்தக்காரப் பெண் நர்மதாவின் கல்யாணத்துக்குப் போகிற வழியில் கோபிநாத்தின் ஜீப்பை முந்தியே தீருவது என்று பொங்கியண்ணன் முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் அவருடைய மாட்டுக் கொட்டகை. மாடுகளை விற்றாகிவிட்டது. இப்போது அங்கே ஒரு மஞ்சள் கார் நிற்கிறது. ஜெர்மன்காரன் செய்தது. கதவு இரண்டுதான். ஏறி உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு கொச்சிக்காரர் மனமே இல்லாமல் விற்றது. அவருக்கு மனமில்லை என்பதைப் பார்த்துத்தான் பொங்கியண்ணன் வாங்கினார்.

கோபிநாத் அவருடைய மைத்துனன், மனைவி கோமதியின் தம்பி. அவனிடம் இருப்பது அவன் அப்பா காலத்து ஜீப். அந்த ஜீப் கோவிந்தாபுரம் ரோட்டில் மஞ்சள் காரைப் பார்க்கும்போதெல்லாம் முந்தும். முந்துவதோடு விட்டாலாவது பரவாயில்லை. முன்னால் போய் ஒரு டீக்கடையில் நிறுத்தி, மச்சானுக்கும் சேர்த்து டீ சொல்லி வைத்திருப்பான்.

"ஆறிப் போச்சுங்க மச்சான். வேற சொல்லட்டுங்களா?" என்பான்.

அவன் குரலில் கேலியே இருக்காது. அதுதான் பொங்கியண்ணனுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

காரில் குறை ஒன்றும் இல்லை. பொங்கியண்ணன் ஆடு குறுக்கே வந்தால் பிரேக் போடுவார். வரலாமா என்று ஓர் ஆடு யோசித்தாலும் போடுவார். வேகத்தடை என்றால் கீழே இறங்கி, குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார். ஆனாலும் எஞ்சினில்தான் வலு போதவில்லை என்று அவர் கண்டுபிடித்திருந்தார். வெளிநாட்டு வண்டிகளுக்கு முறுக்கேற்றித் தருகிற ஒரு வொர்க்‌ஷாப் கோயமுத்தூரில் இருப்பதாக ஃபோனில் பார்த்தார். கோமதியிடம், டிராக்டருக்கு ஒரு சாமான் வாங்கக் கொழிஞ்சாம்பாறை வரை போவதாகச் சொன்னார்.

"அதுக்குக் காரையா எடுத்துட்டுப் போறீங்க?"

"பஸ்ஸுல கூட்டம் புள்ள."

கோமதி சரிங்க என்றாள். அவள் இப்படிச் சட்டென்று சரி சொல்லும்போது கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். பொங்கியண்ணன் யோசிக்கவில்லை. வேலந்தாவளம் தாண்டிக் கோயமுத்தூருக்கு விட்டார்.

வொர்க்‌ஷாப் கல்யாண மண்டபம் போல இருந்தது. தரை அத்தனை பளபளப்பு. பொங்கியண்ணன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். எங்கும் ஒரு சொட்டு ஆயில் இல்லை. ஸ்பேனர் பிடித்தவர்களைவிட லேப்டாப் பிடித்தவர்களே அதிகம். ஒரு சிவப்புக் காரை உருளைகள் மேல் ஏற்றிப் பெல்ட்டால் கட்டிப் போட்டிருந்தார்கள். அது நின்ற இடத்திலேயே தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியைக் கட்டி வைக்கவும் முடியும் என்பதை அவர் அங்கேதான் முதலில் பார்த்தார். அதைக் கவனமாகப் பார்த்திருக்கலாம்.

வொர்க்‌ஷாப்காரர் ராஜசேகர் மரியாதையான மனிதர். சத்தம் வேண்டுமா, வேகம் வேண்டுமா என்று கேட்டார். பொங்கியண்ணன் இரண்டும் என்றார். ராஜசேகர் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"கோமதிங்கறது யாருங்க?"

பொங்கியண்ணன் ஜாதகத்துக்கு இரும்பு ஆகாது. பெண் பார்த்த அன்றே ஜோசியர் சொல்லிவிட்டார். அதனால் அந்த வீட்டில் டிராக்டர், பைக், பம்ப்செட் எல்லாமே கோமதி பேரில். மஞ்சள் காரும் அப்படியே. இதையெல்லாம் விளக்கி, நானும் அவளும் வேறு வேறு அல்ல என்றார் பொங்கியண்ணன். ராஜசேகர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எஞ்சினைத் தொடுவதில்லை என்பது தங்கள் வழக்கம் என்றார். கண்ணாடி அறைக்குள் போய் ஃபோன் போட்டார். நெடுநேரம் தலையை ஆட்டினார். நடுவில் ஒரு தடவை சிரித்தார்.

பொங்கியண்ணன் கண்ணாடியில் காதை வைத்துப் பார்த்தார்.

"அம்மா சரின்னுட்டாங்க" என்று வந்தார் ராஜசேகர்.

"வேற ஏதாச்சும் சொன்னாளுங்களா?"

"நல்லா பண்ணிக் குடுங்கன்னாங்க."

சாயங்காலம் வண்டி கைக்கு வந்தது. சாவியைத் திருப்பியதும் அது உறுமிய உறுமலில் பொங்கியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. வழியெல்லாம் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைகள் திரும்புகிற வேகத்தைத் தன் வேகம் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். கோமதி வாசலுக்கே வந்து மோர் கொடுத்தாள். டிராக்டர் சாமான் கிடைக்கவில்லை என்றார். அதுக்கென்னங்க என்றாள்.

கல்யாணத்தன்று காலை. மண்டபம் கோவிந்தாபுரம் தாண்டி ஆனைமலைப் பக்கம். பக்கத்து சீட்டில் கோமதி, முன்னால் ஜீப் போய்க்கொண்டிருந்தது. பொங்கியண்ணன் மீசையைத் தடவிவிட்டு அழுத்தினார். மஞ்சள் கார் இடிபோல முழங்கியது. முள் நாற்பதுக்கு வந்து நின்றது. இன்னும் அழுத்தினார். முழக்கம் கூடியது. முள் அசையவில்லை. ஜீப் சிறுத்து மறைந்தது. வாழைத்தார் ஏற்றிய டெம்போ ஒன்று முந்தியது. பிறகு புல்லுக்கட்டு வைத்த மொபெட் ஒன்று, ஹாரன்கூட அடிக்காமல்.

பொங்கியண்ணன் ஓரமாக நிறுத்தினார். அந்த வொர்க்‌ஷாப்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார்.

"அவரச் சொல்லாதீங்க" என்றாள் கோமதி. "சத்தம் எத்தன வேணுமோ அத்தன குடுங்க, வேகத்த மட்டும் நாப்பதுல கட்டிப் போடுங்கன்னு நாந்தான் சொன்னேனுங்க."

"ஏம்புள்ள இப்படிப் பண்ணுன?"

"கேமரா புடிச்சா ஃபைன் எம்பேருக்குத்தானுங்க வருது?"

"அப்ப எதுக்கு முறுக்கேத்தச் சொன்ன?"

கோமதி கைப்பையைத் திறந்து இன்னொரு சாவியை எடுத்தாள். பீரோவில் கிடந்த இரண்டாவது சாவி. "கட்டுனது உங்க சாவிக்குத்தானுங்க. முறுக்கேத்துனது இதுக்கு. எந்தச் சாவின்னு வண்டிக்கே தெரியுமாமுங்க. அக்கட்டால வந்து உக்காருங்க."

பொங்கியண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஜீப் போய்க்கொண்டே இருந்தது. இறங்கி மாறி உட்கார்ந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் ஜீப்பை ஓட்டியவள் கோமதி. கோபிநாத்துக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். கேமரா எங்கெங்கே நிற்கிறது என்பதும் அவளுக்கு மனப்பாடம். பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு ஒரு மிதி மிதித்தாள். மொபெட் போயிற்று. டெம்போ போயிற்று. ஜீப் வந்தது, போயிற்று. பொங்கியண்ணன் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி வெற்றி பெற்றார்.

கோவிந்தாபுரம் டீக்கடையில் நிறுத்தி மூன்று டீ சொன்னாள். ஜீப் வந்ததும் பொங்கியண்ணன் எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"ஆறிப் போச்சு மாப்ள. வேற சொல்லட்டுமா?"

கோபிநாத் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான். "அக்கா ஓட்டுனா அப்படித்தானுங்க மச்சான்" என்றான்.

மண்டப வாசலில் கோமதி இறங்கிக்கொண்டாள். தன் சாவியைப் பைக்குள் போட்டாள்.

"ஏனுங்க, உங்க சாவியப் போட்டு வண்டிய நிறுத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பியோடு உள்ளே போனாள்.

பொங்கியண்ணன் முழங்கிக்கொண்டு, நடக்கிற வேகத்தில், பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் ஓடி வந்து கதவருகே குனிந்தார்.

"சத்தத்தக் கொஞ்சம் அமத்துங்கண்ணா. டிரைவருங்களுக்கு எல்லாம் இங்கயே பின்னால இலை போட்டாச்சு, உக்காருங்க."