அண்ணனுக்குப் பதில் தம்பி

"பேர் கேட்டா?"

"உன் பேர்."

"வேலை கேட்டா?"

"கிரேன் ஓட்டுறேன்," என்று ஒப்பித்தான் தம்பி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, அண்ணன் தன் அடையாள அட்டையைக் கழற்றித் தம்பியின் கழுத்தில் மாட்டினான். இரட்டையர்கள். அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். ஆனால் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அண்ணன், சிகரெட்டும் சிப்ஸும் அரைத் தூக்கமுமாகக் காலத்தை ஓட்டுபவன். தம்பி நூலகர். காலையில் நடை, உப்புக் குறைந்த சாப்பாடு, அதிர்ந்து பேசாத வாய்.

இன்றைய மருத்துவப் பரிசோதனையில் தகுதிச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் அண்ணனைக் கிரேனிலிருந்து இறக்கிக் கிடங்கில் உட்காரவைத்துவிடுவார்கள்.

"எனக்குப் பிரஷர்தான்டா பயம். நீ போய் உக்காந்தாலே பாஸ்."

தம்பி உள்ளே போனான். அண்ணன் கதவிடுக்கில் கண்ணை வைத்தான்.

தம்பி நீட்டிய கையில் நர்ஸ் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். கருவி பீப் என்றது. அவள் புருவம் ஏறியது.

"நூத்தி எழுபது காட்டுதே! கொஞ்ச நேரம் அமைதியா இருங்க."

அமைதியாக இருக்கச் சொன்னதுமே தம்பிக்கு வியர்த்துக் கொட்டியது. 'மூச்சை இழுத்து விடு' என்று அண்ணன் கதவிடுக்கிலிருந்து சைகை காட்டினான். கழுத்தை நெரித்துவிடுவேன் என்கிறானோ என்று தம்பி மிரண்டான். அடுத்த முறை இன்னும் ஏறியிருந்தது.

நர்ஸ் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

"சிகரெட் உண்டா?"

பொய் பழகாத தம்பி, அண்ணனாக இருக்கச் சொன்னதும் அண்ணனாகவே ஆகிவிட்டான்.

"ரெண்டு பாக்கெட் டாக்டர்."

"உப்பு?"

"கை நிறைய."

"குடி?"

"சனிக்கிழமை மட்டும். மத்த நாள்ல கொஞ்சமா."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"வீட்டுல யாருக்காவது பிரஷர் இருந்துச்சா?"

இதற்கு மட்டும் தம்பி சொந்தமாகப் பதில் சொன்னான். "அப்பாவுக்கு. பக்கவாதம் வந்துதான் போனாரு."



"இவரைப் படுக்க வைங்க. உடனே மருந்து ஆரம்பிக்கணும்," என்றார் டாக்டர்.

தம்பி வெளிறிப்போய்க் கட்டிலில் சாய்ந்தான். அண்ணனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.

"நிறுத்துங்க டாக்டர்! இவன் சிகரெட்டைத் தொட்டதுகூட இல்ல. அந்த ஆளு நான்! இவன் எனக்காக வந்தவன்!"

டாக்டர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இந்தப் பிரஷர் யாரோடது?"

"அது... அவனோடதுதான்."

"பயத்துல கொஞ்சம் ஏறியிருக்கலாம். ஆனா அப்பாவுக்கு இருந்தா, ஒழுங்கா இருக்கிற பிள்ளைக்கும் வரலாம். இவரைத் தொடர்ந்து பாக்கணும். சரி, இப்ப நீங்க கையைக் கொடுங்க."

அண்ணனுடையது தம்பியுடையதைத் தாண்டியது.

"இது இறங்குற வரைக்கும் நீங்க கிரேன்ல ஏறக் கூடாது," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் போய்விட்டார்.

அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிருண்ணே. என்னாலதானே?"

"விடுடா. நானே வந்திருந்தாலும் இன்னிக்கு மாட்டியிருப்பேன்."

நர்ஸ் பட்டையைச் சுருட்டியபடி திரும்பினாள்.

"எப்படி மாட்டுவீங்க? துறைமுகத்துக்காரங்களுக்கு இன்னிக்குக் கண் பரிசோதனை மட்டும்தான். இவரு தானா வந்து கையை நீட்டினாரேன்னுதான் பிரஷர் பாத்தேன்."