கேட்சர் இடத்துக்கு ஒரு பேரம்

என் மகளை சாஃப்ட்பால் அணியில் பிட்சர் ஆக்காமல் இந்த வீட்டில் சாப்பிடுவதில்லை என்று வெள்ளிக்கிழமை காலையில் சபதம் செய்தேன். மத்தியானமே பசித்தது. சபதத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளி வைத்தேன். என் சபதங்கள் எல்லாம் தவணை முறையில்தான் நடக்கும்.

வாரம் பூரா விடாத மழை. பழைய மேஜை நாற்காலி வாங்கி விற்கிற கடை என்னுடையது. மழையில் யாரும் நாற்காலி வாங்குவதில்லை. நனையாமல் இருக்க உள்ளே வருகிறார்கள். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மழை விட்டதும் "ஆடுதே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். சந்தையில் நாலு பேர் என்னை ஏமாற்றி, அதே நாலு பேரை நான் திருப்பி ஏமாற்றி, அப்படிப் படித்த படிப்பு. சொன்ன விலைக்கு வாங்குகிறவன் மனுஷனே இல்லை. இதுதான் என் பட்டம்.

இப்படிப்பட்டவனுடைய பெண்ணை எங்கே நிறுத்தியிருந்தார்கள் தெரியுமா? ரைட் ஃபீல்டில். மைதானத்தின் வலது கோடி. அங்கே பந்து வராது. மற்ற பெண்கள் ஆடுவதை டிக்கெட் இல்லாமல் பார்க்கிற இடம். பிட்சர் என்றால் நட்ட நடுவில் நின்று, கையைக் கீழாகச் சுழற்றிப் பந்து போடுகிறவள். எல்லாக் கண்ணும் அவள் மேல்தான். அந்த இடத்தில் பல் டாக்டரின் பெண் நிற்கிறாள். அப்பன் பல்லைப் பிடுங்குகிறான், மகள் என் மகளின் இடத்தைப் பிடுங்குகிறாள். குடும்பத் தொழில்.

கோடியில் நின்றாலும் நம் பிள்ளை என்று, சனிக்கிழமை தவறாமல் போய் வேலியோரம் நின்று ஆட்டத்தை நடத்திக் கொடுத்தேன். "முன்னாடி வா." "பின்னாடி போ." "குனிடி." "அம்பயருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா." வீட்டுக்கு வருவதற்குள் தொண்டை கட்டிக்கொள்ளும். ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை.

இப்போது இந்த வருஷத்து அணியைச் சலிக்கிறார்கள். இருபது பெண்களில் ஆறு பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கோச் அம்மாவுக்கு ஒரு பழக்கம். சுவரில் எதையும் ஒட்டமாட்டார். வீட்டுக்கு ஒருவராகக் கூப்பிட்டு, மட்டைகள் வைக்கிற அறையில் உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துச் சொல்வார். தூங்கும்போதுகூடக் கழுத்தில் விசில் தொங்கும் போலிருக்கிறது. நான் வைத்த பெயர் விசில். இன்று சாயங்காலம் எங்கள் முறை.

"நானே போயிட்டு வரேங்க," என்றாள் மனைவி. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ போனா குடுத்ததை வாங்கிட்டு வருவ. பேரம் பேசத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுதான்."

"பிட்சர் இல்லாம நான் திரும்பமாட்டேன்."

"பிட்சர்னா கேளுங்க, குடுத்தாலும் குடுப்பாங்க. கேட்சர் அது இதுன்னு பெரிசா ஆசைப்பட்டுராதீங்க."

"கேட்சர் பெரிசா? முகமூடி மாட்டிக்கிட்டு, அடிக்கிற பொண்ணுக்குப் பின்னாடி குத்தவச்சு உக்காந்திருக்குமே, அதுவா?"

"அதுதான். என்ன பந்து போடணும்னு பிட்சருக்கு விரல்ல சொல்றதே கேட்சர்தாங்க. மொத்த மைதானத்தையும் எதிர்ல வச்சுப் பாக்குறவ அவ ஒருத்திதான். கல்லாவுல உக்காந்த முதலாளி மாதிரி. நம்ம பொண்ணுக்கு அதெல்லாம் எங்க கிடைக்கப்போகுது?"

"ஏன், கிடைக்காதா?"

"விடுங்க. சும்மா சொன்னேன்."

"அப்ப பல் டாக்டர் பொண்ணு, கேட்சர் சொல்றதைத்தான் கேக்கணுமா?"

"கேட்டுத்தான் ஆகணும்."

குடையை எடுத்தேன்.

"கோபப்படாம பேசுங்க," என்றாள்.

"நான் எப்ப கோபப்பட்டிருக்கேன்?" என்று கத்திவிட்டுக் கிளம்பினேன்.

மட்டை அறையில் ஈரத்தோல் நாற்றம். தகரக் கூரையில் மழை. விசில், பந்துக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு நாற்காலி. மூன்று கால் நேர், ஒரு கால் குட்டை. என் கடையில் வாங்கியதுதான்.

"நேரடியா சொல்லிடறேன் சார். உங்க பொண்ணு இந்த வருஷம் அணியில இல்லை."

அடிமாட்டு விலை. நான் பார்க்காத விலையா?

"அப்படியா, சரி, வரேன்," என்று எழுந்தேன். எழுந்தால் கூப்பிடுவார்கள். வாசல்வரை போனேன். கூப்பிடவில்லை. வராந்தாவுக்குப் போனேன். மைதானத்துக் கேட்டுவரை போனேன். மழை சட்டைக்குள் இறங்கியது. திரும்பி வந்தேன்.

"குடையை வச்சுட்டுப் போயிட்டேன்."

"கையிலதான் இருக்கு சார்."

உட்கார்ந்தேன். நாற்காலி ஆடியது.

"நாலு பெஞ்சு தரேன்," என்றேன். "தேக்கு."

"வேண்டாம் சார்."

"பூட்டு வச்ச அலமாரி?"

"போன வருஷம் உங்ககிட்ட வாங்கினதையே இன்னும் திறக்க முடியலை சார்."

"பின்ன என்னதாங்க வேணும் உங்களுக்கு?"

விசில் தயங்கினார். தயங்கினால் இறங்கப்போகிறார்கள் என்று அர்த்தம்.

"ரைட் ஃபீல்ட் வேணா பாக்கலாம்."

"ரைட் ஃபீல்டா? அங்க ஒரு பந்து வர்றதுக்குள்ள அவளுக்கு நரை விழுந்துரும். பிட்சரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கேட்சர். அதுக்குக் கீழ ஒரு படி இறங்கமாட்டேன்."

அந்த அம்மா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ரொம்ப அழுத்திவிட்டோமோ என்று எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"கேட்சர் பெரிய இடம் சார்," என்றார் ஒருவழியாக. "அதுக்கு நீங்களும் பெரிசா ஒண்ணு தரணும்."

"சொல்லுங்க."

"உங்க சனிக்கிழமை. சீசன் முடியற வரைக்கும் மைதானத்துப் பக்கமே வரக்கூடாது."

"பாதி ஆட்டத்துக்கு வரேன்."

"இல்லை சார்."

"முழுசா வரேன். வாயைத் திறக்கமாட்டேன்."

"போன வருஷமும் அதையேதான் சொன்னீங்க. சொல்லிட்டு ஒரு ஊதல் வாங்கிட்டு வந்து ஊதினீங்க. நான்தான் ஊதறேன்னு பிள்ளைங்க எல்லாம் ஆட்டத்தை நிறுத்திட்டாங்க."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம். வேனுக்குள்ள. கண்ணாடியை ஏத்திவிட்டு."

"உங்க ஹாரன் சத்தமும் எனக்குத் தெரியும் சார்."

யோசித்தேன். காசு போகவில்லை. பெஞ்சு போகவில்லை. சனிக்கிழமையை எந்தச் சந்தையில் எவன் விலைக்குக் கேட்கப்போகிறான்? கையை நீட்டினேன். தோற்றுப்போன முகத்தோடு குலுக்கினார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இல்லைன்னு ஆரம்பிச்சாங்க. கேட்சர்ல கொண்டுபோய் முடிச்சிருக்கேன்."

"அப்படியா?" என்றாள் மனைவி. துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மடிப்புகூடப் பிசகவில்லை. "சட்டையை மாத்துங்க, சளி பிடிச்சுக்கும்."

"என்ன குடுத்து முடிச்சேன்னு நீ கேக்கவே இல்லையே?"

"சனிக்கிழமைதானே?"

நான் இன்னும் சொல்லவே இல்லை.

அப்போது மகள் அறையிலிருந்து வந்தாள். முழங்காலில் காப்பு. மார்பில் கவசம். முகமூடி தலைக்கு மேலே ஏற்றிவிட்டிருந்தது. ஒரு கையில் கேட்சருடைய பெரிய தோலுறை. எல்லாம் அவளுக்கென்று அளவெடுத்த மாதிரி இருந்தது. கவசத்தின் பட்டை அறுந்த இடத்தில் பழுப்புத் துணி வைத்துத் தைத்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். என் பேன்ட். சலவைக் கடைக்காரன் தொலைத்துவிட்டான் என்று நான் சண்டை போட்டு, இன்றுவரை அவனோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிற பேன்ட்.

"இது எப்ப தச்சது?"

"போன மாசம். கோச் இவளைக் கேட்சர்னு சொன்னாங்கள்ல, அன்னைக்கு," என்றாள் மனைவி.

"அப்ப இன்னைக்கு நான் பேசினது?"

"நல்லாத்தான் பேசினீங்களாம். இப்பதான் போன் பண்ணாங்க. முதல்ல இல்லைன்னு சொல்லுங்க, மத்ததை அவரே கேப்பாருன்னு நான்தான் சொல்லி வச்சேன். சிரிப்பை அடக்க முடியலைன்னு வருத்தப்பட்டாங்க."

"வரவேண்டாம்னா வரவேண்டாம்னு நேரா சொல்லவேண்டியதுதானே?"

"சும்மா சொன்னா எடுத்துக்குவீங்களா நீங்க? பேரம் பேசி வாங்கினாத்தானே பத்திரமா வச்சுக்குவீங்க."

"அந்த விசிலுக்கு என் மேல அப்படி என்ன கோபம்?"

மனைவி அடுத்த துணியை எடுத்தாள். மகள் முழங்கால் காப்பின் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

"கோச் ஒண்ணும் சொல்லலைப்பா," என்றாள், கொக்கியைப் பார்த்தபடியே. "நான்தான் சொன்னேன். அப்பா வந்தா நான் ஆடலை, என்னை டீமை விட்டு எடுத்துருங்கன்னு."

வெளியே மழை தன்பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது.

"ஏம்மா?"

"நீங்க கத்தறப்ப எனக்குப் பந்து தெரியமாட்டேங்குதுப்பா."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. ஆறு பெண்களைக் கழித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழாவதாக ஒரு ஆம்பளையையும் சேர்த்துக் கழித்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் யாரும் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஈரச் சட்டையோடு அப்படியே உட்கார்ந்தேன்.

"ஒரே ஒரு ஆட்டம்," என்றேன். கடையில் இந்தக் குரலில் பேசினால் ஸ்டூல்கூட விற்காது.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு போர்வையை உதறி மடித்தாள்.

"ஃபைனலுக்கு வாங்கப்பா. கத்தக்கூடாது."

"கத்தமாட்டேன்."

"கை தட்டலாம். எல்லாரும் தட்டும்போது மட்டும்."

"சரிம்மா."

கையை நீட்டினாள், தோலுறையோடு. என் கை அதற்குள் காணாமல் போனது. குலுக்கிக்கொண்டோம். அவள் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே சிரித்தாளா என்று கம்பி வழியாகத் தெரியவில்லை.

சட்டையை மாற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். மனசு கொஞ்சம் தேறியிருந்தது.

"என்ன இருந்தாலும் அப்பன்," என்றேன். "பாத்தியா, ஃபைனலுக்குக் கூப்பிட்டுட்டா."

"கூப்பிட்டா," என்றாள் மனைவி, தட்டை என் முன்னால் வைத்தபடி. "இந்த டீம் எந்த வருஷம்ங்க ஃபைனலுக்குப் போயிருக்கு?"