பதினாலாம் தேதி வாட்டர் டெலிவரி

"மேடம், பதினாலாந்தேதி வாட்டர் டெலிவரி கன்ஃபர்ம்தானே?"

பூந்தமல்லி ரோட்டில் புதிதாகத் திறந்த பிரசவ மையத்துக்கு ஹேமநாதன் போன் செய்து இப்படிக் கேட்பது இது நான்காவது முறை.

"கன்ஃபர்ம்தாண்ணே. அன்னிக்கு வேற யாருக்கும் சொல்லல" என்றாள் ஆபீஸில் இருந்த ஆக்னஸ். "ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான் மேடம்." இரட்டைக் குழந்தைக்கெல்லாம் நமக்கேது கொடுப்பினை என்று சிரித்துக்கொண்டான்.

"பின்பக்க கேட்ல வந்துருங்க. கூட ஒரு ஆள் போதும். லேட் மட்டும் பண்ணிராதீங்க."

"அது நம்ம கையிலயா மேடம் இருக்கு?"

"எல்லாரும் இதையேதாண்ணே சொல்றீங்க" என்று வைத்துவிட்டாள்.

அவன் மனைவி வர்ஷாவுக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும். பிரசவ வலியை நினைத்து எட்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை, பாவம். "வெதுவெதுன்னு தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்தா வலி நல்லாவே குறையும். அந்த சென்டர்ல வெச்சு நானே பார்க்கிறேன். தொட்டி ஒண்ணுதான், போன் பண்ணிச் சொல்லி வெச்சிருங்க" என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அவள் முகத்தில் களை வந்தது.

"ஹேமு, தொட்டி மட்டும் இல்லேன்னு வையி, உன்னை உண்டு இல்லேன்னு பண்ணிருவேன்" என்று அவள் தினமும் சொன்னாள்.

சொல்லிவைத்தாற்போலப் பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு வலி வந்தது. டாக்டரம்மா நேராக சென்டருக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்.

டாக்ஸியைக் கூப்பிட்டான். கள்ளிக்குப்பத்தில் அவர்கள் ஃபிளாட் வாசலை ஒரு தண்ணி லாரி அடைத்துக்கொண்டு நின்றது. டாக்ஸிக்காரன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டான்.

சரி, சொந்தக் கார் எதற்கு இருக்கிறது? லாரி டிரைவர் வேம்புலியிடம் கெஞ்சினான். அவரும் லாரியை நகர்த்தி வழிவிட்டார். ஹேமநாதன் பதற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தான். தடால்! திறந்திருந்த சம்ப்புக்குள் பின்சக்கரம் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"இன்னா நைனா இது! தண்ணி ஊத்த மூடியத் தொறந்து வெச்சா, நீ காரை ஊத்திக்கினு கீற!"

"அப்போ எங்க தண்ணிக்கு வழி?" என்று மாடியிலிருந்து சத்தம் போட்டார் அசோசியேஷன் செயலாளர் குணசேகரன்.

ஆம்புலன்ஸ் வர அரைமணி ஆகும் என்றார்கள். அதைக் கேட்டு வர்ஷா போட்ட கூச்சலில் குணசேகரன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"தங்கச்சி, நம்ம வண்டில ஏறும்மா. எம் பொண்டாட்டி மூணு பெத்தவ, எனக்குத் தெரியாதா இது? தோ, அரைமணிக்குள்ள அங்க இருப்போம்" என்றார் வேம்புலி.

முழு லோடு தண்ணீரோடு லாரி கிளம்பியது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் வர்ஷா ஹேமநாதனின் தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள்.

"தொட்டி இருக்குமாடா?"

"இருக்கும்மா, இருக்கும். நாலு வாட்டி கேட்டுட்டேன்" என்றான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இவளுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் எக்கேடு கெட்டால் என்ன என்றிருந்தது.

பின்பக்க கேட்டில் வாட்ச்மேன், யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் லாரியை உள்ளே விட்டார். படிக்கட்டில் அடையாள அட்டையோடு ஆக்னஸ் நின்றிருந்தாள். ஹேமநாதன் குதித்து ஓடினான்.

"மேடம், நான்தான் ஹேமநாதன்! வாட்டர் டெலிவரி!"

ஆக்னஸ் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"சொன்ன தேதிக்குத் தண்ணி லாரி வந்து இன்னிக்குத்தாண்ணே பார்க்கிறேன்! தொட்டியெல்லாம் காஞ்சு கெடக்கு, சீக்கிரம் ஊத்துங்க... ஆமா, வண்டிக்குள்ள யாருண்ணே கத்துறது?"