விமான நிலையத்துச் சோதனைக்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை

கேமரன் மலை,
புதன்கிழமை.

அன்புமிக்க மச்சான் ஜெகதீஸ்வரன் சமூகத்துக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை உமாதேவியும் மகள் பூவிழியும் நலம். மழையும் அட்டையும்கூட நலம். ஈப்போவில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இதை வாட்சாப்பில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போன தடவை உங்களுக்கு மட்டும் என்று சொல்லி அனுப்பிய குரல் பதிவை மறுநாள் காலை என் சின்னம்மா மகன் எனக்கே போட்டுக் காட்டினான். ஆகவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக நீங்கள் ஏற்பாடு செய்திருக்கும் கோகிலன் நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் அவர் விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கும் உத்தியோகத்தில் இருக்கிறார் என்பதை நேற்றுத்தான் உமாதேவி என் காதில் போட்டாள். அந்தக் குடும்பத்தை மலையேறி வர வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். இந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பாதி ஆயுளைப் பெரிய கிராணியாகக் கழித்தவன் நான். துரைமாரே என்னைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். என் ஒரே மகளை, அடுத்தவன் ஜட்டியைப் புரட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவருக்குக் கொடுக்க மாட்டேன்.

என் கோபத்துக்குக் காரணம் உண்டு மச்சான். பூவிழிக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று திருச்சிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வம் கருப்பருக்கு அரிவாள் சாத்துவதாக உமாதேவி நேர்ந்துகொண்டது உங்களுக்குத் தெரியும். தோட்டத்துப் பட்டறையில் சொல்லி அடித்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, பட்டுத்துணியில் சுற்றி, போன மாசி மாதம் நானே எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அதைப் பெட்டிக்குள் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் தள்ள முடியுமா? சாமிப் பொருள் ஊரான் செருப்புக்கு அடியில் கிடக்கலாமா? கைப்பையில்தான் வைத்தேன், மடியிலேயே வைத்துக்கொண்டு போகலாம் என்று. அந்த மிஷின் வயிற்றுக்குள் என் பை போனதும் அங்கிருந்த பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். பிறகு, "ஐயா, இது உங்க பேக்தானா?" என்றான். விமானத்தைக் கடத்துகிறவன் எவனாவது எலுமிச்சம்பழம் குத்திய அரிவாளோடு வருவானா என்று கேட்டேன். அதற்கும் அவன், "கையில கொண்டு போக முடியாதுங்க ஐயா. டைம் இருக்கு லா, கீழ போற பெட்டியில போட்டுருங்க" என்றே சொன்னான். சாமியைப் பற்றிப் பேசினால் நேரத்தைப் பற்றிப் பேசுகிறான். பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பெண்பிள்ளை சாமிப் பொருள் என்று தெரிந்ததும் கையுறையைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அரிவாளை ஏந்தித் தனித்தட்டில் வைத்தாள். எதற்கு இந்த நாடகம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அதோடு விட்டார்களா? அந்த இரும்பு வாசலுக்குள் நுழைந்தால் அது கத்துகிறது. பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். மறுபடி கத்தியது. "இடுப்புல ஏதாச்சும் இருக்குங்களா ஐயா?" என்றான். மானம் இருக்கிறது என்றேன். அரைஞாண் கயிற்றில் என் அப்பா கட்டிவிட்ட தாயத்துதான் காரணம். உயிரோடு இருக்கும் வரை அதை அவிழ்க்க மாட்டேன் என்று ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் கால்சட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு சுற்றுலாக் கூட்டமே நின்று வேடிக்கை பார்த்தது. திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், "தொட்டுப் பார்க்கலாமுங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டான். திருடனைப் பிடிக்கிறவன் அனுமதி கேட்டுக்கொண்டா பிடிப்பான்? வேலை தெரிந்தவன் செய்கிற காரியமா இது?

பிறகு ஃபிளாஸ்க். அதில் நம் தோட்டத்துத் தேநீர். ஒன்று இங்கேயே குடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஊற்றிவிடுங்கள் என்றார்கள். நம் தேயிலையைச் சாக்கடையில் ஊற்ற எனக்குக் கை வருமா? நின்றபடியே அத்தனையையும் குடித்தேன். நாக்கு வெந்தது. திருச்சி போய்ச் சேரும் வரை இருக்கையில் உட்கார்ந்த நேரத்தைவிடக் கழிவறை வாசலில் நின்ற நேரம்தான் அதிகம். குடிப்பதற்கு முன்னால், போகட்டும் என்று பெரிய மனசு பண்ணி அந்தப் பையனுக்கும் ஒரு மூடி நீட்டியிருந்தேன். "டியூட்டியில வாங்கக்கூடாதுங்க ஐயா" என்றான். தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பகையாளி வந்தாலும் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுத்தான் சண்டை போடுவான். இவர்களுக்கு அந்த மரியாதைகூடத் தெரியவில்லை. கடைசியில் ஆள் அனுப்பி, வழியனுப்ப வந்த பூவிழியைக் கூப்பிட்டு அரிவாளை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் கருப்பர் முன்னால் வெறுங்கையோடு போய் நின்றேன். அப்போது பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும்.

இது என் ஒருவனுடைய ஆத்திரம் என்று நினைக்க வேண்டாம். இன்று காலை தானா ராத்தா டவுனில் ஷஹாபுதீன் கடையில் உட்கார்ந்து பொதுமக்கள் அபிப்பிராயத்தையும் முறைப்படி கேட்டேன். ஷஹாபுதீன், அவர்கள் எந்நேரமும் முகத்தை உம்மென்று வைத்திருக்கிறார்கள், மரியாதையே இல்லை என்றார். அவர் மனைவி சஃபியா, இல்லையில்லை, எந்நேரமும் ஒருவரோடொருவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒழுங்கே இல்லை என்றார். அவருடைய மிளகாய்ச் சம்பல் போத்தலைப் பிடுங்கிக்கொண்டார்களாம், அளவுக்கு மீறிய சோதனையாம். அடுத்த வாயிலேயே, தம் கைப்பைக்குள் கிடந்த நகவெட்டியைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்களாம், நாட்டுக்குப் பாதுகாப்பே இல்லையாம். திரிங்காப் காய்கறித் தோட்டத்திலிருந்து கோபிஸ் ஏற்றி வந்த லோரிக்காரர் தர்மாதான் எல்லாரையும்விடக் காரமாகப் பேசினார். "ஒரு மண்ணும் தெரியாத பயலுங்க லா. சும்மா மிஷின வெறிச்சுப் பார்த்துக்கிட்டு நிப்பானுங்க. என்னை அங்க நிறுத்துனா ஆளோட நடைய வெச்சே பிடிச்சிருவேன்." அவர் இதுவரை விமானம் ஏறியதில்லை. ஆனாலும் அனுபவஸ்தர் பேச்சு மாதிரியே இருந்தது. நானும் ஆமாம் ஆமாம் என்று மேசையைத் தட்டினேன்.

ஆகவே மச்சான், சாமி காரியத்தைத் தடுத்த கூட்டத்திலிருந்தே மாப்பிள்ளை எடுத்தால் கருப்பர் பொறுப்பாரா? டீச்சர், பேங்க் என்று மரியாதையான உத்தியோகத்தில் வேறு பையன் இருந்தால் எழுதுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். கருப்பர் உங்கள் குடும்பத்துக்கு நீண்ட ஆயுளும் குறையாத சோறும் கொடுத்துக் காக்கட்டும்.

என்றும் உங்கள் மைத்துனன்,
சுப்பிரமணியம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இந்தக் கடிதம் பூவிழி கையில் அகப்பட்டுவிட்டது. நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தாள். கோபப்படவில்லை. "அப்பா, எனக்கும் அந்த வேல கெடச்சிருச்சு. அடுத்த மாசம் டிரெய்னிங்" என்றாள். எப்போது மனு போட்டாள், யாரைக் கேட்டுப் போட்டாள் என்று கத்தினேன். "அன்னிக்கி அரிவாள வாங்க வந்தேன்ல, அன்னிக்கே. நீங்க அந்தக் கத்துக் கத்துனீங்க, அவங்கள்ல ஒருத்தர்கூட குரல ஒசத்தல. உங்கள நெனச்சா வெட்கமா இருந்துச்சு, அவங்கள பார்த்தா ஆசையா இருந்துச்சு" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "நாளைக்கி நான் அங்க நிக்கிறப்ப, இன்னொரு வீட்டு அப்பா வந்து நீங்க எழுதியிருக்கிற இதெல்லாம் என்கிட்ட பேசுவாருப்பா. கேட்டுக்கிட்டு நிக்கவா?" என்று கேட்டாள். என் மகளை எவனாவது அப்படிப் பேசினால் பல்லைத் தட்டிவிடுவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் பல்லையே நாக்கால் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டேன் மச்சான்.

ஆகவே மேலே உள்ள அனைத்தையும் ரத்து செய்து வாசிக்கவும். கிழித்துப் போடுகிறேன் என்றால், "போஸ்ட் பண்ணுங்க, மாமா படிக்கட்டும்" என்று பசையோடு பக்கத்திலேயே நிற்கிறாள். சாயங்காலம் மறுபடி ஷஹாபுதீன் கடைக்குப் போய், அதைப் போலப் பொறுப்பான உத்தியோகம் நாட்டிலேயே இல்லை என்று அறிவித்துவிட்டு வந்தேன். முதலில் ஆமோதித்தவர் தர்மா. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அவசியம் வர வேண்டும். கோகிலனைப் பிடிக்குமா என்று பூவிழியைக் கேட்டேன், "வரட்டும், சோதிச்சுப் பார்த்துச் சொல்றேன்" என்கிறாள். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். பெண்ணுக்கும் அதே உத்தியோகம்தான் என்று கோகிலனின் அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். அந்த அம்மாளும் ஊரில் நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்டுவிடப் போகிறார்.