மூச்சுப்பிடி ஏட்டையாவும் வெடிக்காத பலூன்களும்

திண்டுக்கல்லில் அந்தக் காலத்தில் ஒழுங்காக மூச்சு விடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற நாங்கள் எல்லாம் ஏதோ காற்று வந்தது, போனது என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். இது என் கருத்தில்லை, அவருடைய கருத்து. எங்கள் போலீஸ் லைனில் அதை மறுத்துப் பேச ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மூச்சுப்பிடி ஏட்டையா. ஐம்பதுகளின் கடைசியில் நான் ஆயுதப்படைக் கான்ஸ்டபிளாக மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு அனுப்பப்பட்டபோது, அங்கே துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கிற ஏட்டு அவர்தான். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத அகலத்தில் காக்கி அரைக்கால் சட்டை. வயது நாற்பதைத் தொட்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. இடது கண் எந்நேரமும் பாதி மூடியே இருக்கும். குறி பார்த்துப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது என்பார்கள். அவரிடம் நின்று பேசுகிறவனுக்கு, தன் நெற்றிப் பொட்டைத்தான் பார்க்கிறாரோ என்று உள்ளுக்குள் ஒரு கலக்கம் இருந்துகொண்டே இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை சிறுமலை அடிவாரத்தில் எங்களுக்குச் சுடும் பயிற்சி நடக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஏட்டையா எங்களை லைன் மைதானத்தில் குப்புறப் படுக்க வைத்துவிடுவார். தோட்டா கிடையாது, வெறும் துப்பாக்கி. குழல் நுனியில் ஒரு கொட்டைப்பாக்கை நிறுத்தி வைப்பார். அது விழாமல் விசையை அமுக்க வேண்டும். விழுந்தால் அந்தப் பாக்கை அப்படியே வாயில் போட்டு மென்று முடிக்க வேண்டும். முதல் வாரத்தில் எங்கள் படையில் பாதிப் பேருக்குத் தாடை வீங்கிவிட்டது.

"ஏலே, மூச்ச இழு. பாதிய விடு. மீதியப் பிடி. இப்ப வெரல நோகாம அமுக்கு. எரும மாடு கன்னுக்குட்டிய நக்குற மாதிரி இருக்கணும்லே."

எங்களிடம் அப்போது இருந்தது திரி நாட் திரி ரைஃபிள். அது தோளில் கொடுக்கிற உதையில் சாப்பிட்ட பழைய சோறு தொண்டைக்கு வந்துவிடும். ஒரு தடவை எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த பேகம்பூர் காசிம் சுட்டபோது, துப்பாக்கியிலிருந்து தெறித்த காலித் தோட்டா கொதிக்கக் கொதிக்க என் காலருக்குள் விழுந்து முதுகில் இறங்கியது. நான் துள்ளி எழப் பார்த்தேன். ஏட்டையாவின் பூட்ஸ் கால் என் இடுப்பில் வந்து நின்றது.

"எந்திரிக்காதலே. குறி கலைஞ்சுரும்."

"ஏட்டையா, முதுகு வேகுது."

"வேகட்டும். நீ மூச்சப் பிடி."

பிடித்தேன். சுட்டேன். அந்த ஒரு குண்டுதான் அன்றைக்கு நான் சுட்டதிலேயே நட்டநடுவில் போய் விழுந்தது. முதுகில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சட்டை மாற்றும்போது கை அதன் மேல் பட்டால் சிரிப்பு வரும்.

மூச்சு உபதேசம் மைதானத்தோடு நின்றிருந்தால் அவர் சாதாரண ஏட்டாக இருந்திருப்பார். அவர் அதை ஊர் முழுக்கக் கொண்டு போனார். சவரக் கடையில் கத்தி கன்னத்தில் படும்போது மூச்சைப் பிடிப்பார், கடைக்காரரையும் பிடிக்கச் சொல்வார். அவருக்குச் சவரம் செய்து முடிப்பதற்குள் அந்த மனிதர் இரண்டு தடவை வாசலுக்குப் போய் இளைப்பாறிவிட்டு வருவார். டீக்கடையில் ஆற்றுகிறவரைப் பார்த்து, "பாதிய விட்டுட்டு ஆத்துப்பா, கை ஆடுது" என்பார். அந்த ஆள் முப்பது வருஷமாக டீ ஆற்றுகிறவர்.

காசிமின் தோழன் சவரிமுத்துவின் தம்பிக்கு நாகல் நகரில் கல்யாணம். அந்தத் தம்பியும் எங்கள் படைதான். மேளம் கொட்டுகிறது, தாலி கட்டவேண்டிய நேரம், பையனுக்குக் கை நடுங்குகிறது. முடிச்சு விழவில்லை. பெண் வீட்டார் முகம் மாறத் தொடங்கியது. கூட்டத்தின் பின்னாலிருந்து அணிவகுப்புக் குரலில் ஒரு சத்தம்.

"மூச்ச இழு. பாதிய விடு. மீதியப் பிடி. இப்பப் போடுலே முடிச்ச."

பழக்க தோஷம், பையன் அப்படியே செய்தான். முடிச்சு கச்சிதமாக விழுந்தது. பூத் தூவிய கையோடு எல்லோரும் ஏட்டையாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் பெண்ணின் பாட்டனார் அவரிடம், "ஊராம் புள்ளைக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறீகளே, நீங்க எப்ப முடிச்சுப் போடப் போறீக?" என்று கேட்டார். ஏட்டையா ரசத்தைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் மாசித் திருவிழாவில் இருந்தது. அது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது.

மாசியில் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தால் ஊரில் ராட்டினம், வளையல் கடை, மிட்டாய்க் கடை எல்லாம் வந்து இறங்கும். அதில் ஒரு பலூன் சுடும் கடை. பலகையில் வரிசை வரிசையாகப் பலூன், எதிரே ஒரு காற்றுத் துப்பாக்கி. உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் நடத்தினார். முப்பதைத் தாண்டிய வயது. கழுத்தில் தாலி இல்லை, ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவருடைய வயதான அப்பா கடை மூலையில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருப்பார். அந்த அம்மா நாள் முழுக்கப் பலூன் ஊதிக்கொண்டே இருப்பார். பம்பு கிடையாது, எல்லாம் வாயால்தான். ஒரே மூச்சில் ஒரு பலூன்.

முதல் வருஷம் நாங்கள் ஏட்டையாவைத் தோளில் தூக்காத குறையாக அந்தக் கடைக்கு அழைத்துப் போனோம். பலகை முழுவதையும் காலி செய்துவிடுவார், ஊருக்கு நம் படையின் பெருமை தெரியட்டும் என்று. அவர் துப்பாக்கியை வாங்கினார். மூச்சை இழுத்தார், பாதியை விட்டார், மீதியைப் பிடித்தார். சுட்டார். குண்டு பலூனுக்கும் பலூனுக்கும் நடுவே பலகையில் போய்த் தைத்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் சிரித்தேவிட்டாள்.

துப்பாக்கியில்தான் கோளாறு என்று நான் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். குழல் கோணல்தான். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவரின் காதைக் குறி பார்த்தால் நடுப் பலூன் வெடித்தது. பெரியவரும் அது தெரிந்தவர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கே பிடிபட்ட கோணல் ஏட்டையாவுக்கா பிடிபடாது? ஆனால் திருவிழா முடியும்வரை ஒவ்வொரு சாயங்காலமும் போனார். ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பலூன்கூட வெடிக்கவில்லை. அடுத்த மாசியிலும் அதே கதை. அதற்கடுத்த மாசியிலும்.

"ஏட்டையா, சுட வாரீகளா, பாக்க வாரீகளா?" என்று அந்த அம்மா ஒரு நாள் கேட்டதை நான் கேட்டேன்.

"பழகுறேன்" என்றார் ஏட்டையா. காது நுனி சிவந்துபோயிருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? நாகல் நகர் சந்தையில் காய்கறிக்காரர் ஒரு பூசணிக்காயை உயரத் தூக்கிக் காட்டி, "ஏட்டையா, இதாவது கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்டார். விஷயம் மதுரையில் இருந்த எங்கள் மேலதிகாரி ரிசர்வ் இன்ஸ்பெக்டர் காதுக்குப் போயிற்று. அவர் வந்து ஏட்டையாவை நிறுத்தி வைத்து, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி பேசினார்.

"பலூன் சுடத் தெரியாதவன் படைக்குச் சுடச் சொல்லிக் குடுக்கிறான்னு ஊரே பேசுதுய்யா. திருவிழாக் கடைசி நாளு நான் குடும்பத்தோட வாரேன். என் கண் முன்னால சுட்டுக் காட்டணும். இல்லேன்னா துப்பாக்கிய ஒப்படச்சுட்டுக் கஜானா பாராவுக்குப் போயிரு."

கஜானா பாரா என்றால் பூட்டிய கதவுக்கு முன்னால் தூண் மாதிரி நிற்கிற வேலை. ஏட்டையாவை அங்கே நிறுத்துவது அவரை உயிரோடு புதைப்பதற்குச் சமம். நாங்கள் கலங்கினோம். அவர் கலங்கின மாதிரியே தெரியவில்லை. மறுநாளும் சாயங்காலம் கடைக்குப் போய் எல்லாக் குண்டையும் பலகையிலேயே தைத்துவிட்டு வந்தார். கஜானா பாராவுக்குத் தயாராகிவிட்டார் என்று காசிம் சொன்னான்.

கடைசி நாள் வந்தது. வெயில் தாழ்ந்த நேரம். ரிசர்வ் இன்ஸ்பெக்டர், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், பின்னால் எங்கள் படை, அதற்குப் பின்னால் பாதித் திண்டுக்கல். ஏட்டையா துப்பாக்கியைக் கையில் வாங்கினார். குண்டை எடுத்துக் கொடுத்த அந்த அம்மா, பெரிய விஷயம் இல்லாத மாதிரி சொன்னார்.

"நல்லாச் சுடுங்க ஏட்டையா. அடுத்த மாசிக்கு நாங்க வரமாட்டோம். அப்பாவுக்கு ஏலல. தம்பி தூத்துக்குடியில உப்பளத்துல இருக்கான், அங்கயே போயிர்றோம்."

ஏட்டையாவின் பாதி மூடிய கண் முழுதாகத் திறந்தது. அதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். ரிசர்வ் இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

பிறகு ஏட்டையா துப்பாக்கியைத் தூக்கினார். மூச்சை இழுத்ததும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. முதல் பலூன் வெடித்தது. குண்டைப் போட்டார், அடுத்தது வெடித்தது. மேல் வரிசை முடிந்தது, நடு வரிசை முடிந்தது. பிள்ளைகள் குதித்தார்கள், கூட்டம் விசிலடித்தது, பூசணிக்காய் காட்டிய சந்தைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து வீசினார். கீழ் வரிசையில் கடைசிப் பலூனும் வெடித்தபோது பலகையில் நூலும் கிழிந்த ரப்பரும்தான் தொங்கின. ரிசர்வ் இன்ஸ்பெக்டர் ஏட்டையாவின் முதுகில் ஓங்கித் தட்டினார். "இதத்தான்யா எதிர்பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை ராட்டினத்துக்கு அழைத்துப் போனார். கூட்டமும் கலைந்தது.

அந்த அம்மா வெறும் பலகையைப் பார்த்தபடி நின்றார்.

"அப்ப இத்தன வருசமும் வேணும்னேதான் விட்டீகளா?"

ஏட்டையா துப்பாக்கியைத் துடைத்து மேஜை மேல் வைத்தார். "பலூன் தீந்துட்டா நீங்க கடையக் கட்டிருவீகளே."

பெட்டி மேலிருந்த பெரியவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் காசிமும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த அம்மா டப்பாவிலிருந்து ஒரு சிவப்புப் பலூனை எடுத்தார். ஒரே மூச்சில் ஊதினார். மற்றப் பலூன்களைவிட நேரம் எடுத்து ஊதினார். இறுக்கி முடிச்சுப் போட்டு, பலகையில் கட்டாமல் ஏட்டையாவின் கையில் கொடுத்தார்.

"இதச் சுட்ராதீக" என்றார்.

லைனுக்குத் திரும்பி நடக்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏட்டையா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? அந்த அம்மா நின்ன நெலையப் பாத்தா சரின்னுதான் சொல்லியிருக்கும்."

அவர் பலூனைக் காற்று இழுக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். "குறியெல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது அப்பு. வெரலுதான் அமுக்க வரல."

"தூத்துக்குடி என்ன சீமையிலயா இருக்கு? ஒரு நட போயிட்டு வாங்க."

"லீவு கேக்கணும்ல" என்றார். ரைஃபிள் கண்டுபிடித்த நாளிலிருந்து லீவே கேட்காத மனிதர் அவர். அன்றைக்கும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பலூன் அவர் கட்டில் காலில் தொங்கியது. அதற்குப் பிறகு எங்கள் லைனில் பீடி குடிப்பது நின்றுபோயிற்று. யாரும் உத்தரவு போடவில்லை. ஊசி, ஆணி, தொப்பியில் குத்துகிற பித்தளைச் சின்னம் எல்லாவற்றையும் அந்தக் கட்டிலைச் சுற்றி நாங்களே ஒதுக்கி வைத்தோம். ரிசர்வ் இன்ஸ்பெக்டர் சாமான் சோதனைக்கு வந்தபோது, மடித்த கம்பளி, மினுக்கிய பூட்ஸ், தட்டு, டம்ளர், அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பலூன்.

"இது என்னய்யா?"

"பரிசு சார்" என்று காசிம் முந்திக்கொண்டான். அதிகாரி ஏட்டையாவின் முகத்தைப் பார்த்தார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.

பலூன் தேங்காய் அளவானது, மாங்காய் அளவானது, பிறகு எலுமிச்சை அளவுக்குச் சுருங்கியது. ஏட்டையா காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பார். எங்கள் அத்தனை பேருக்கும் மூச்சைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு அந்த ஒரு மூச்சைப் பிடித்து வைக்க வழி தெரியவில்லை. அவருக்கு மாற்றல் வந்து பெட்டி கட்டியபோது, சுருங்கிப்போன அந்த ரப்பரை ஒரு கைக்குட்டையில் வைத்து மடித்தார். முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளே கொஞ்சமாவது இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. தூத்துக்குடிப் பக்கம் போனாரா, போகவில்லையா என்றும் தெரியாது. போயிருக்க வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன்.

எங்கே திருவிழா என்றாலும் எனக்குப் பலூன் கடையில்தான் கால் நிற்கும். துப்பாக்கியை வாங்குவேன். மூச்சை இழுப்பேன், பாதியை விடுவேன், மீதியைப் பிடிப்பேன். கூட வருகிற பேரன்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், தாத்தா போலீஸில் என்னத்தைக் கிழித்தார் என்று. ஒரு பலூன்கூட வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன். கடையைக் கட்டுவதற்குள் என் பின்னால் வந்து நின்று, "ஏலே, மூச்சப் பிடிலே" என்று அவர் ஒரு தடவை சொல்லிவிட மாட்டாரா?