அத்தானுக்கு வந்த அருள்

அன்புத் தம்பி தமிழ்மணிக்கு, உறையூரிலிருந்து அக்கா ரங்கநாயகி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான் சுகம். உன் அத்தான் சுகத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டார். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லுவார், அதனால்தான் கடுதாசி.

எங்கள் இருவருக்கும் சர்க்கரை, ஒரே டப்பா மாத்திரை என்பது உனக்குத் தெரியும். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் வரிசையில் நின்றோம். பெருமாளுக்காகப் பட்டினி, டாக்டருக்காக மாத்திரை என்று இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்த்த மனுஷன், வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தார். மார்கழிப் பனியில் சட்டை நனைய வேர்வை, கண் சொருகுது, பேச்சு குழறுது. பின்னால் நின்ற மண்ணச்சநல்லூர் அரிசி மில் முதலாளி வீரமலை, "சாமிக்கு அருள் வந்துடுச்சு!" என்று காலில் விழுந்தார். அவ்வளவுதான், வரிசையே விழுந்தது. நான் முந்தானையில் முடிந்திருந்த கல்கண்டை அவர் வாயில் திணிக்கப் போனால், "அருளைக் கலைக்காதீங்கம்மா"ன்னு கையைப் பிடிச்சு இழுக்கிறாங்க. கட்டின பொண்டாட்டி நான், உதறிட்டுத் திணிச்சேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, "என் செருப்பு எங்கே?" என்றார். சாமி பாதுகை கேக்குதாம், அதுக்கும் ஒரு கும்பிடு!

டாக்டர் நஜ்முன்னிசா தலையில் அடித்துக்கொண்டார். "குளிருச்சுன்னா தசை நடுங்கிச் சூடு உண்டாக்கும். புழுங்குச்சுன்னா வேர்வைச் சுரப்பி உடம்பைக் குளிர வைக்கும். ரெண்டும் ஒண்ணா வந்தா என்னங்க அர்த்தம்? சர்க்கரை இறங்கிடுச்சு, எதையாவது தின்னுன்னு சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி கத்துது. உடம்பு தன்னை நிதானத்துக்குக் கொண்டுவரப் போராடுது, நீங்க கற்பூரம் காட்டறீங்க. இன்னொரு தடவை இப்படி ஆனா எழுந்திரிக்கவே மாட்டாருங்க." அத்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சுரப்பிக்குள்ள உக்காந்திருக்கிறது யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்கிறார்.

வேலை பார்த்த காலமெல்லாம் ஆபீஸில் ஒருத்தரும் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போ வீரமலை மூட்டை மூட்டையாய் அரிசி இறக்குகிறார். பட்டினி கிடக்கிற சாமிக்கு அரிசி! இன்று மறுபடியும் ஏகாதசி. மாத்திரையை முழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு கூடத்தில் உட்கார்ந்து நடுக்கத்துக்குக் காத்திருக்கிறார். வந்த கூட்டமும் காத்திருக்கிறது. துளசித் தீர்த்தம் என்று குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துவிட்டேன், அதனால் அருள் வராமல் எல்லோரும் தவிக்கிறார்கள். எத்தனை நாள் இப்படி ஏமாத்துறது? எனக்குப் பயமா இருக்குடா. நீ சொன்னால் கேட்பார். அடுத்த ஏகாதசிக்குள் வந்து நறுக்குன்னு நாலு வார்த்தை கேளு. அறிவிருக்கிற எவனாவது மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கிடப்பானா?

ரஞ்சனிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ரங்கநாதர் உங்களையாவது புத்தியோடு வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா ரங்கநாயகி

பி.கு.: எழுத்து கோணுதேன்னு பார்க்காதே. கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. அவர் சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடறதுன்னு நானும் மாத்திரையோட நிறுத்திக்கிட்டேன். பக்கத்து வீட்டு வைஷ்ணவிகிட்ட, "குளுக்கோஸ் டப்பாவை எடுடி"ன்னேன். கன்னத்துல போட்டுக்கிட்டு வேப்பிலை ஒடிக்க ஓடிட்டா. கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் திரும்பி விழுந்திருக்கு, முதல் ஆளா உன் அத்தான். டப்பா அவருக்குப் பின்னாடி. புருஷனைத் தாண்டக் கூடாதும்பாங்க, தாண்டிட்டேன்டா. வாய் நிறைய குளுக்கோஸோடதான் இதை முடிக்கிறேன். வரும்போது திட்டை ரெண்டு பேருக்கும் சேர்த்தே கொண்டு வா.