கல்லுக்குப் பதில் பிள்ளை

என் பேத்தியின் காரில் குழந்தைக்கென்று தனி இருக்கை இருக்கிறது. அதில் ஐந்து வார்கள், மூன்று கொக்கிகள். குழந்தை தூங்கும்போது மூச்சு விடும் சத்தத்தை அடுத்த அறையில் இருந்து கேட்பதற்கு ஒரு பெட்டி வேறு. இதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது" என்று சொல்ல வாயெடுப்பேன். சொல்வதில்லை. எனக்கு அந்தத் தகுதி கிடையாது. நான் பெற்ற மகளை அரிசி வரிசையில் கல்லுக்குப் பதிலாக வைத்துவிட்டுப் போனவன்.

ஜப்பான்காரன் ஆட்சி நடந்த காலம். மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு இருபத்தைந்து வயது. போருக்கு முன் கிராணி வேலை (குமாஸ்தா, கணக்குப் பிரிவு; இந்த எண்ணும் வியாதி அங்கே பிடித்ததுதான்). மூத்த மகள் சரசுவுக்கு மூன்று வயது, நான்கு மாதம்.

ரேஷன் அரிசிக்குக் காலையிலேயே வரிசை நிற்கும். வெயில் தாங்காதவர்கள் தங்கள் இடத்தில் ஒரு கல்லையோ, கூடையையோ, தேய்ந்த செருப்பையோ வைத்துவிட்டு நிழலுக்குப் போவார்கள். வரிசை நகரும்போது பின்னால் நிற்பவர் அதையும் காலால் தள்ளிவிடுவார். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. ஆனால் என் கல் மட்டும் காணாமல் போகும். அந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை.

அன்று என் மனைவி குளிர்காய்ச்சலில் படுத்திருந்தாள். பிள்ளையை நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"கடைக்குப் போங்க. பிள்ளை கைய மட்டும் விட்டுறாதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"அப்படி இருந்தா பயமில்ல. சொன்னா கேட்டுக்குவீங்க."

வரிசையில் நான் இருபத்துமூன்றாவது ஆள். அரை மணி நேரம் போயிருக்கும். பின்னால் நின்ற பெரியவர், "ரெண்டு தெரு தள்ளி உப்பு குடுக்குறானாம்" என்றார். எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. நான் கணக்குப் போட்டேன். வரிசை இரண்டு. ஆளும் இரண்டு. கல்லை எடுத்து எறிவார்கள், பிள்ளையை எறிவார்களா? (இவ்வளவு தெளிவாக நான் பிறகு எப்போதும் சிந்தித்ததில்லை.)

கையில் இருந்த பிரம்புக் கூடையைக் கீழே வைத்து, சரசுவை அதற்குள் உட்கார வைத்தேன். "யாரு கூப்பிட்டாலும் எந்திரிக்கக் கூடாது. அப்பா இப்ப வந்துருவேன்."

"தம்பி, பிள்ளையப் பாத்துக்க என்னால ஆவாது," என்றார் பெரியவர்.

"நீங்க பாக்க வேணாம்ணே. தள்ளிவிட்டாப் போதும்."

உப்பு வரிசையில் எனக்கு முன்னால் பதினான்கு பேர். ஆளுக்கு இரண்டு நிமிடம் வைத்தால் இருபத்தெட்டு நிமிடம். ஒன்பதாவது ஆளுக்குக் கொடுத்துவிட்டு உப்புக்காரன் சாப்பிடப் போய்விட்டான். ஐந்து பேர்தான் பாக்கி. இப்போது திரும்பிப் போனால் நின்றதெல்லாம் வீண் என்று நின்றேன். அவன் வந்தான், நான் ஒரு சிரட்டை உப்பு வாங்கினேன், திரும்பினேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

அரிசிக் கடைத் தெருவில் ஆளே இல்லை. அரிசி தீர்ந்ததும் வரிசை கலைந்துவிட்டது. கூடையும் இல்லை. கடைச் சீனன் ஒவ்வொரு பலகையாக வைத்து அடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஓடிப் போய் நான் முதலில் கேட்டது இதுதான்:

"தெம்பாட் சாயா மானா?" (என் இடம் எங்கே?)

அவன் பலகையைக் கீழே வைத்தான். "உன் இடம் அழுதுச்சு. ஒரு அம்மா கூடையோட தூக்கிட்டுப் போயிருச்சு," என்று மலாயில் சொல்லி, செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டிப் பக்கம் கை காட்டினான்.

வழியில் ஒரு பெரிய சாக்கடை இருக்கிறது. தினம் தாண்டிய சாக்கடைதான். அதன் ஆழத்தை அன்றுதான் பார்த்தேன். ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். ராணுவ லாரி ஒன்று போனது, அதற்குள்ளும் பார்த்தேன். கம்போங் செட்டியில் எத்தனை வீட்டு வாசலில் நின்று கேட்டேன் என்று தெரியாது. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட வீடுகள் அவைதாம்.

ஒரு வீட்டின் உள்ளே கூடை தெரிந்தது. கூடைக்குள் சரசு, கையில் அவித்த மரவள்ளிக் கிழங்கு. சாரோங் கட்டி, கெபாயாச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசிய ஒரு செட்டி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன் வந்து தங்கிய தமிழர் வழி; சாமி நம்முடையது, பேச்சு மலாய்.

"வெளியே வா, வான்னு எவ்வளவோ கூப்பிட்டேன். வரல. அதான் கூடையோட தூக்கிட்டு வந்தேன்," என்றார் மலாயில். கூடை நனைந்திருந்தது.

சரசு என்னைப் பார்த்தாள். "அப்பா, எந்திரிக்கட்டுமா?"

நான் கையை நீட்டினேன். அந்த அம்மா பிள்ளையை என்னிடம் தரவில்லை. "வீடு எங்கே, காட்டு," என்றார். நான் முன்னால் உப்புச் சிரட்டையோடு நடக்க, அவர் பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். என் மனைவியின் கையில் கொடுத்து, நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

என் மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிள்ளையின் துணியை மாற்றினாள். கால்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"உப்பு கெடைச்சுதா?"

அதன் பிறகு எங்களுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவரைக்கூட அவள் என்னிடம் தனியாக விட்டதில்லை. குளிக்கப் போனாலும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவாள். நான் கேட்கவும் இல்லை. என்ன சொல்லிக் கேட்பது?

பேரப்பிள்ளைகள் எனக்குச் சலுகை கொடுக்கிறார்கள். "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தானே தாத்தா பிள்ளை வளர்த்தீங்க." எனக்கும் தலையாட்ட ஆசைதான். ஆறு வயதுப் பெண் ஆறு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலம் அது. ஆனால் கையை விடாதே என்று சொன்னவளும் அந்தக் காலத்து மனுஷிதான். யாருடைய பிள்ளை என்றே தெரியாமல் கூடையோடு தூக்கிப் போனவரும் அந்தக் காலத்து மனுஷிதான்.

கடைக்காரனிடம் நான் கேட்ட கேள்வி எப்படியோ ஒழிந்துபோகும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ரேஷனுக்கு என் மனைவியே போனாள். கடைக்காரன் அவளிடம் அதை நடித்தே காட்டியிருக்கிறான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள். இன்றும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுந்து போனவன் திரும்பி வந்தால், "தெம்பாட் சாயா மானா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். சரசுதான் அதிகம் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

என் மனைவி மட்டும், இருந்தவரை, அதற்கு ஒருநாளும் சிரித்ததில்லை. சிரிப்பு அடங்கும்வரை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.